முத்தியால்பேட்டைக்குத் திரும்பிய செல்லோ: ஒரு நிகழ்வு ஆய்வு

ஜூலை மூன்றாம் வாரம் ஒரு விடியற்காலை சென்னையில் இறங்கியபோது, பிரான்ஸில் இசை படித்து முடித்த ஒரு மாணவியிடம் இருந்தவை: ஒரு செல்லோ (உட்கார்ந்து வாசிக்கும், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்), இரண்டு வில், 23 கிலோ பெட்டி ஒன்று, தேர்ச்சி பெற்றுவிட்டார் என்று சொல்லும் ஒற்றைத் தாள். பட்டச் சான்றிதழ் கையில் இல்லை. மதிப்பெண் பட்டியலில் பெயர் முன்பின்னாக மாறிக் கிடந்தது. நவம்பர் கடைசிக்குள் செல்லோவின் மேற்பலகை ஒட்டு இரண்டு இடத்தில் விட்டுப்போனது. ஜனவரியில் கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது, கேட்ட ஆவணங்களில் பாதி ஏறக்குறைய ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது.

பிரான்ஸில் இசைப் பட்டம் முடித்துப் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் திரும்புகிறவர்களுக்கு வழக்கமாக நேர்பவற்றை இங்கே ஒரே ஆளின் பாதையில் கோத்திருக்கிறோம். பெயரோ கல்லூரியோ இதற்குத் தேவையில்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு, பள்ளிக் காலத்திலிருந்து செல்லோ, 18 வயதில் பிரான்ஸ், மூன்றாண்டு இளநிலை, இரண்டாண்டு முதுநிலை, வங்கிக் கல்விக் கடன். இவ்வளவு போதும்.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாசிப்பில் இவருக்கு ஒரு குறையும் இல்லை. இடறியது இரண்டே இடங்களில்: அங்கே கடைசி ஆறு வாரம், இங்கே முதல் மழைக்காலம்.

எந்தப் பட்டம் என்பதில் தொடங்குவோம்

பிரெஞ்சு இசைக் கல்லூரிகள் தரும் தாள்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. மண்டல இசைப்பள்ளிகள் தரும் டி.இ.எம். என்ற சான்று உயர்ந்த வாசிப்புத் தரத்தைக் காட்டும், ஆனால் அது பல்கலைக்கழகப் பட்டம் ஆகாது. டி.என்.எஸ்.பி.எம். என்பது மூன்றாண்டு, 180 இ.சி.டி.எஸ். (ஐரோப்பியப் படிப்பளவு) புள்ளி; இளநிலைக்கு நிகரான தேசியப் பட்டயம். அதோடு கூட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் லிசான்ஸ் (இளநிலை) பட்டத்தையும் சேர்த்து முடிக்கிறவர்கள் உண்டு, முடிப்பது நல்லது. அதற்கு மேல் இரண்டாண்டு, 120 புள்ளி, முதுநிலைத் தகுதி. தனியார் பள்ளிகள் தரும் கச்சேரிக் கலைஞர் பட்டயங்களுக்கு மேடையில் மதிப்பு இருக்கும். அரசு விண்ணப்பப் படிவத்தில் அதை நிரப்ப இடம் இருக்காது.

இந்த வித்தியாசம் தெரியாமல் டி.இ.எம். மட்டும் வாங்கிக்கொண்டு "மியூசிக் டிகிரி முடிச்சாச்சு" என்று வீட்டுக்குச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் தவறில்லை, போகுமுன் யாரும் சொல்லவில்லை. நம் மாணவி இதில் தப்பித்தார். இரண்டு பட்டமும் முறையானவை. ஒரு நாள் கல்லூரி வேலை பார்க்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், சேரும்போதே இதை உறுதி செய்ய வேண்டும்.

கடைசி ஆறு வாரம்

ஜூனில் நிறைவுக் கச்சேரித் தேர்வு. ஜூலை முதல் வாரம் முடிவு. ஜூலை நடுவில் அலுவலகம் கூட்டம் குறைந்து, ஆகஸ்டில் ஏறக்குறையப் பூட்டிக் கிடக்கும். பிரான்ஸில் இருந்தவர்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. ஆனாலும் அறை ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது, டிக்கெட் ஆகஸ்டில் விலை ஏறுகிறது என்ற இரண்டு கணக்கில் எல்லோரும் ஜூலையில் கிளம்பிவிடுகிறார்கள். காகித வேலைக்குக் கிடைப்பது பத்து வேலை நாள்.

அந்தப் பத்து நாளில் வாங்க வேண்டியவை நான்கு. 'அத்தெஸ்தாசியோன் த ரெயுஸித்' எனும் தேர்ச்சிச் சான்று, மூலப்பிரதி குறைந்தது இரண்டு. எல்லா ஆண்டுக்குமான மதிப்பெண் பட்டியல், முத்திரையோடு. பாடத்தையும் புள்ளியையும் ஆங்கிலத்தில் விவரிக்கும் பட்ட இணைப்பு. நான்காவதை யாரும் கேட்பதில்லை: மதிப்பெண் அளவுகோலை விளக்கும் கடிதம். பிரான்ஸில் 20-க்கு 10 தேர்ச்சி, 12 சுமாருக்கு மேல், 14 நன்று, 16 மிக நன்று. 20 என்பதைக் கண்ணால் பார்த்தவர் குறைவு. இந்தியப் படிவத்தில் சதவீதக் கட்டம் இருக்கும். 14 என்பது அங்கே 70 ஆக நின்றுவிடும், 10.8 வாங்கியவருக்கு 54 என்று விழுந்து, முதுநிலையில் 55 சதவீதம் கேட்கும் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதி) தேர்வு வாசலிலேயே நிறுத்திவிடும். அங்கத்திய அளவுகோல் எழுத்தில் இருந்தால் பேச இடமுண்டு.

பட்டச் சான்றிதழ் பிறகுதான் வரும், ஆறு மாதம் வரை ஆகலாம். பிரான்ஸில் அது ஒரே ஒரு பிரதிதான். தொலைந்தால் மறுபிரதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே தபாலில் அனுப்பச் சொல்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அங்கேயே இருக்கும் நம்பிக்கையான ஒருவர் பெயருக்குக் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும், இருவருடைய கடவுச்சீட்டு நகலும் விட்டுவர வேண்டும். நம் மாணவி இதைச் செய்யாமல் வந்ததால் கடிதம் எழுதி, திருத்தி, மறுபடி எழுதி, டிசம்பர் வரை இழுத்தது.

இதோடு ஒட்டியது அப்போஸ்தில், அதாவது ஒரு நாட்டு ஆவணம் உண்மையானது என்று வேறு நாட்டுக்குக் காட்டும் முத்திரை. பிரெஞ்சு ஆவணத்துக்கு அப்போஸ்தில் முத்திரையைப் பிரான்ஸில்தான் வாங்க முடியும். நம் வெளியுறவு அமைச்சகம் போடுவது இந்திய ஆவணங்களுக்கு மட்டும். முன்பு அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கொடுத்துவந்தன, 2025 மே முதல் நோட்டரிகள் கையில் இருக்கிறது. சீனியர்கள் சொன்ன பழைய வழியில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சான்றிதழை வாங்கும் நண்பரே நோட்டரியிடமும் போய்விட்டு வரும்படி அதிகாரக் கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் ஒரு சுற்று மிச்சம்.

பெயர். தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது உண்டு. பிளஸ் டூ சான்றில் இனிஷியலும் பெயரும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர். பிரெஞ்சுப் பதிவேட்டில் அப்பா பெயர் பெரிய எழுத்தில் முன்னால் வரும், அலுவலகத்தில் அப்பா பெயரைச் சொல்லித்தான் மதாம் என்று கூப்பிடுவார்கள். இவருடைய விஷயத்தில் முதலாண்டு இணையப் பதிவில் இரண்டு கட்டமும் இடம் மாறின, அந்தப் பிழையே ஐந்து ஆண்டு ஓடியது. முதல் மாதம் ஒரு மின்னஞ்சலில் தீர்ந்திருக்கும். பட்டம் அச்சான பிறகு, இரண்டு பெயரும் ஒரே நபருடையவை என்று இங்கே நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் போட்டு ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இணைப்பதைத் தவிர வழியில்லை.

இன்னும் ஒன்று. கல்லூரி மின்னஞ்சல் சில மாதத்தில் அணைந்துவிடும். நிறைவுக் கச்சேரிப் பதிவை இணைப்பாக வைத்திருந்தவர்கள் அதை இழந்திருக்கிறார்கள். முழுத் தரக் கோப்பை வட்டில் இறக்கி, கச்சேரி நிரலின் அச்சுப் பிரதி மூன்றோடு எடுத்து வர வேண்டும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையும் நேரில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

பயணம்

செல்லோவுக்குத் தனி இருக்கை வாங்கியிருந்தார். அதைச் சரக்கில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: வேண்டாம். இருக்கையை இணையத்தில் வாங்காமல் விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, பெட்டியின் நீள அகல எடையைச் சொல்லி, எழுத்தில் உறுதி பெற வேண்டும். ஜன்னலோர இருக்கை, பெல்ட் நீட்டிப்பு, அவசர வழி வரிசை கூடாது. புதுச்சேரி விமான நிலையம் வரை இணைப்பு விமானம் எடுக்க ஆசைப்படக் கூடாது. அங்கே வருவது ஏ.டி.ஆர். எனும் சிறிய விமானம், அதில் செல்லோவை உட்கார வைப்பது கடினம். சென்னையில் இறங்கி ஈ.சி.ஆர். வழியே 150 கிலோமீட்டர் காரில் வருவதே சரி. டிக்கியில் வைக்காமல் பின் இருக்கையில் படுக்க வைத்து வர வேண்டும். வழியில் டீ குடிக்க நிறுத்தினால் ஒருவர் காரிலேயே இருக்க வேண்டும். வெயிலில் பூட்டிய கார் வார்னிஷையும் பசையையும் இளக்கிவிடும்.

வில்லில்தான் சட்டச் சிக்கல் ஒளிந்திருக்கும். நல்ல வில்கள் பெர்னம்புகோ மரத்தில் செய்தவை; அது 2007 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சொந்த உபயோக வில்லோடு பயணம் செய்வதில் அதனால் பெரிய தொல்லை இல்லை. நுனித் தகடு யானைத் தந்தமாக இருந்தால் கதை வேறு. பழைய வில்களில் அது சகஜம். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கேயே எலும்பு அல்லது செயற்கைத் தகடாக மாற்றி, மாற்றியவரிடம் ஒரு கடிதமும் வாங்கி வர வேண்டும். இவருடைய இரண்டாவது வில்லில் இருந்தது எலும்பு. அதைச் சொல்லும் தாள் இல்லாமல் வந்தார், யாரும் கேட்கவில்லை. எப்போதும் அப்படி இருக்காது.

சுங்கத்தில் காட்ட, வாங்கிய ரசீது, வாத்தியத்தின் படங்கள், லூதியே (தந்தி வாத்தியம் செய்து பழுது பார்ப்பவர்) கொடுத்த மதிப்புச் சான்று மூன்றும் வேண்டும். அடுத்த முறை வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போகும்போது சென்னையில் புறப்படுமுன் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பும்போது இது யாருடைய செல்லோ என்ற கேள்வி எழாது.

முதல் மழைக்காலம்

பிரான்ஸில் குளிர்காலத்தில் சூடேற்றிய அறையில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போகும். புதுச்சேரியில் ஐப்பசி கார்த்திகையில் 80-ஐத் தாண்டி நிற்கும். செல்லோவின் மரம் அங்கே ஐந்து குளிர்காலம் காய்ந்து பழகியது. இங்கே வந்ததும் குடிக்கத் தொடங்குகிறது.

மேற்பலகை உப்பி வளைவு ஏறுகிறது, கழுத்து சற்றே தாழ்கிறது, இரண்டும் சேர்ந்து தந்திகள் விரற்பலகையிலிருந்து உயர்கின்றன. விரற்பலகையின் நுனியில் மேல் ஏ தந்தி 5.5 மில்லிமீட்டர், கீழ் சி தந்தி 8 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் கைக்கு இதம். ஒரு மில்லிமீட்டர் ஏறினாலே மேல் ஸ்தாயியில் கட்டைவிரல் வலிக்கும். அக்டோபரில் இவர் கைவலி என்று நினைத்து வாசிப்பு நேரத்தைக் குறைத்தார். உண்மையில் தந்திகளைத் தாங்கும் குதிரை (பிரிட்ஜ்) உயரமாகிவிட்டிருந்தது. ஈரப்பதம் ஏறி இறங்கும் ஊர்களில் செல்லோக்காரர்கள் மழைக்கு ஒன்று வறட்சிக்கு ஒன்று என இரண்டு குதிரை வைத்திருப்பார்கள். தாழ்வான குதிரை ஒன்றைக் கிளம்புமுன் அங்கேயே செதுக்கி வாங்கியிருக்க வேண்டும். இந்த முழு நிகழ்விலும் மிக மலிவாகத் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு இதுதான்.

அடுத்து, தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிரடைகள். ஈரத்தில் இறுகித் திரும்ப மறுத்தன. ஏ.சி. போட்ட அறைக்குப் போனதும் சுருங்கி, உருவிக்கொண்டு தளர்ந்தன. நான்கும் ஒரே நேரத்தில் தளர்ந்தால் குதிரை விழும், உள்ளே இரு பலகைக்கும் நடுவே நிற்கும் சவுண்ட் போஸ்ட் எனும் சிறு குச்சியும் சாயும். சாய்ந்த பிறகு தந்தியை இழுத்துக் கட்டினால் மேற்பலகை பிளக்கலாம். சாய்ந்தது தெரிந்தவுடன் எல்லாத் தந்தியையும் தளர்த்திவிட்டு, பெட்டியில் வைத்து, லூதியேயிடம் போவது ஒன்றே வழி. பிரடைக்குள் கியர் பொருத்தியவை இப்போது கிடைக்கின்றன. ஈரத்தில் இறுகுவதும் உலர்ந்தால் உருவுவதும் அவற்றில் இல்லை. கடலோரத்தில் வாழப்போகும் செல்லோவுக்கு அதை நாங்கள் தயங்காமல் சொல்வோம்.

ஒட்டு விட்டுப்போனது நவம்பரில். வாத்தியத்தின் பலகையும் பக்கமும் வச்சிரப்பசையால் ஒட்டியவை. அந்தப் பசை ஈரத்திலும் சூட்டிலும் இளகும், இளக வேண்டும் என்பதற்காகவே அதைப் போடுகிறார்கள். மரம் விரிந்து அழுத்தும்போது ஒட்டு விட்டுக்கொடுத்தால் பலகை பிளக்காமல் தப்பிக்கும். விரல் கணுவால் விளிம்பைச் சுற்றித் தட்டினால் விட்ட இடத்தில் மட்டும் கரகரவென்று கேட்கும். தெருவில் இருந்த ஆசாரி நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "வெள்ளைப் பசை போட்டுத் தரேன் பாப்பா, ஜென்மத்துக்கும் விடாது." ஜென்மத்துக்கும் விடாது என்பதுதான் ஆபத்து. அடுத்த மழைக்கு ஒட்டு நிற்கும், பலகை பிளக்கும். பிறகு பழுது பார்க்கத் திறக்கவும் முடியாது. சென்னையில் வாத்தியப் பழுது தெரிந்தவரிடம் கொண்டுபோய் வச்சிரம் போட்டுக் கவ்வி வைத்து எடுத்து வந்தார்கள்.

வில்லின் முடியும் ஈரத்தில் நீளும். திருகு கடைசி வரை போயும் முடி இறுகவில்லை. ஈர ஊருக்குப் போகிறேன் என்று சொல்லி முடியைக் கொஞ்சம் குட்டையாகக் கட்டச் சொல்ல வேண்டும். ஏ.சி. அறையில் அது சுருங்கும் என்பதால் வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்தாமல் வைக்கவே கூடாது, இல்லாவிட்டால் வில்லின் தலை ஒடியும். தந்திகள் வியர்வையிலும் உப்புக் காற்றிலும் துருப்பிடிக்கும். வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பது, இரண்டு செட் உபரியாகக் காற்றுப் புகாத பையில் வைப்பது, அவ்வளவே.

ஈரத்தை எப்படி அடக்குவது என்பதில் இவர் செய்த தவறு பலரும் செய்வது: பகல் முழுக்க ஏ.சி., இரவு நிறுத்தம். 50-க்கும் 80-க்கும் இடையே தினமும் ஊசலாடுவது, நிலையாக 70-ல் இருப்பதை விடக் கேடு. மின்சாரத்தை நம்பவும் முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2011 டிசம்பர் 30 தானே புயலை இந்த ஊரும் கடலூரும் மறக்கவில்லை. அந்த நாட்களில் ஏ.சி. இல்லை, தரைத்தளத்தில் தண்ணீர்.

ஆகவே செல்லோவின் பெட்டியையே அறையாக எண்ண வேண்டும். பெட்டிக்குள் ஒரு ஈரமானி, அறையில் ஒன்று. நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 500 கிராம், இரண்டு துணிப்பையில் பிரித்து, தந்தியில் படாமல் பெட்டிக்குள். நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்து, ஆறியபின் திரும்ப உள்ளே. மழைக்காலத்தில் நாலைந்து நாளுக்கு ஒரு முறை இது வேண்டியிருக்கும். ஈரப்பதத்துக்குக் குறி 45 சதவீதம் அல்ல, 55 முதல் 62 வரை. வாத்தியம் வாசிக்கப்படப்போவது ஈரமான ஊரில். அதை மிகவும் காய வைத்து வெளியே எடுப்பதே அடி. பெட்டியை வெளிச்சுவரில் சாய்க்காமல் மாடியில் உள்சுவர் பக்கம் வைக்க வேண்டும்.

வங்கியும் வரியும்

அறைக்குக் கொடுத்த முன்பணம், கணக்குச் சரியாக இருந்தால் ஒரு மாதத்தில், கழிவு இருந்தால் இரண்டு மாதத்தில் திரும்பும். அதற்காக அங்கத்திய வங்கிக் கணக்கைத் திறந்தே வைத்துவிட்டு வருவார்கள், அது சரிதான். ஆனால் ஜூலையில் திரும்பியவர் அந்த நிதியாண்டில் 182 நாளைத் தாண்டி இந்தியாவில் இருப்பார். அதற்கு முந்தைய ஏழு ஆண்டில் இங்கே இருந்த நாட்கள் 729-ஐத் தாண்டினால் முழு உள்நாட்டவர். ஐந்தாண்டு வெளியே இருந்தாலும், போகுமுன் இருந்த இரண்டு ஆண்டும் விடுமுறைகளும் சேர்ந்து தாண்டிவிடும். அப்போது கணக்கில் 40 யூரோ இருந்தாலும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் எழுத வேண்டும். அந்த அட்டவணை ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது. எளிய முதல் படிவம் செல்லாது. முன்பணம் வந்ததும் கணக்கை மூடுவது நிம்மதி.

கல்விக் கடனில் தவணை விடுமுறை எந்தத் தேதியில் முடிகிறது என்பதை வங்கிக் கிளையில் எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும். வட்டிக்கு வருமான வரிக் கழிவு எட்டு ஆண்டு வரை உண்டு. பழைய வரிமுறையைத் தேர்ந்தால் மட்டும்.

வேலை

கல்லூரி வேலை இவர் நினைத்தது போல நேர்க்கோடாக இல்லை. வெளிநாட்டுப் பட்டத்துக்கு நிகர்நிலை தருவதற்கு 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு தனி விதிகள் வெளியிட்டது. இந்தியாவும் பிரான்ஸும் 2018 மார்ச்சில் கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கின்றன. பட்டம் ஏற்கப்படுவது பெரிய தடை அல்ல. நெட் தேர்வின் இசைத் தாள்தான் தடை: இந்துஸ்தானி, கர்நாடக இசை, ரவீந்திர சங்கீதம், தாளவாத்தியம் என்று அதன் பிரிவுகள் அமைந்திருக்கின்றன. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் செல்லோ தொகுப்பை மனப்பாடமாக வாசிப்பவருக்கு அங்கே கேள்வி இல்லை. மானியக் குழுவின் 2018 விதிகளில் கலைஞர்களுக்கென ஒரு மாற்று வழி இருக்கிறது. அகில இந்திய வானொலி கலைஞர்களுக்குத் தரும் 'ஏ' தரம் அதில் ஓர் அளவுகோல். அது ஓராண்டில் எட்டுவது அல்ல.

ஆகவே முதல் ஆண்டு வருமானம் வேறிடத்திலிருந்து வர வேண்டும் என்று எண்ணித்தான் திரும்ப வேண்டும். வீட்டில் மாணவர்கள், ட்ரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். எனும் லண்டன் இசைத் தேர்வுகளுக்குத் தயாரிப்பு. கிறிஸ்துமஸ் முன்னிட்டு நவம்பரிலிருந்து தேவாலயப் பாடற்குழுக்கள். சென்னையில் சினிமா ஒலிப்பதிவு. அங்கே எழுத்திசையைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கிறவருக்கு மதிப்பு. பிரான்ஸில் ஏ சுரம் 442 ஹெர்ட்ஸில் ஒலிக்கப் பழகிய காது இங்கே 440-க்கு வர ஒரு வாரம் ஆகும், ஒலிப்பதிவுக்குப் போகுமுன் அதைச் சரி செய்துகொள்ள வேண்டும். ஜூன் 21 இசைத் திருவிழாவைப் புதுச்சேரி கொண்டாடுகிறது. முன்கூட்டியே அலியான்ஸ் பிரான்செஸில் கேட்டு வைத்தால் ஊருக்குத் தன்னை அறிமுகம் செய்ய அதைவிட நல்ல நாள் இல்லை. ஆரோவில்லில் சேர்ந்திசை ஆட்கள் கிடைப்பார்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்த முடிவு அவர் பிப்ரவரியில் எடுத்தது. கர்நாடக இசை கற்கத் தொடங்கினார். அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, சிதம்பரத்தில் 1929-ல் தொடங்கிய இசைக் கல்லூரியின் மரபு இருக்கிறது, குரு தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. செல்லோ இதற்கு வாகானது. சி, ஜி, டி, ஏ என்று இருக்கும் நான்கு தந்தியில் கீழிரண்டைத் தொட வேண்டாம். டி-யை சி-க்கும் ஏ-யை ஜி-க்கும் ஒரு முழுச்சுரம் இறக்கினால் ஒரு கட்டைக்கு ஸ ப ஸ ப அமைந்துவிடும். ஏற்ற வேண்டியது எதுவும் இல்லாததால் தந்தி அறுகிற பயமும் இல்லை. ஆனால் தினமும் ஏற்றி இறக்கினால் தந்தி சுருதியில் நிற்க மறுக்கும். கர்நாடகப் பயிற்சிக்கென்று மலிவான பழைய செல்லோ ஒன்றைத் தனியாக ஸ ப ஸ ப-வில் வைத்துவிட்டார்.

பட்டச் சான்றிதழ் அப்போஸ்திலோடு மார்ச்சில் வந்தது. பிரமாணப் பத்திரமும் நிகர்நிலை விண்ணப்பமும் ஏப்ரலில் முடிந்தன. ஏழு மாணவர்கள். தாழ்வான குதிரையைச் சென்னையில் செதுக்கச் சொல்லியிருக்கிறார்; வில்லுக்குக் குட்டை முடி கட்ட செப்டம்பர் முதல் வாரம், மழை பிடிக்குமுன், தேதி வாங்கியாயிற்று.